அரக்குக் கழிவு

நகைக்கடன் பிரிவில் உட்காருகிறவனுக்குச் சில வார்த்தைகள் பழகிவிடுகின்றன. மொத்த எடை, கல் கழிவு, அரக்குக் கழிவு, நிகர எடை. முதல் மூன்றும் பொருளைப் பற்றியவை, நான்காவதுதான் பணம். அன்னூரில் ஏழு வருஷமாக இந்த நான்கு வார்த்தைகளைப் படிவங்களில் எழுதிக்கொண்டிருக்கிறேன். தாலிக்கொடி, தோடு, கொடி, மோதிரம் என்று வருகிறவற்றுக்கிடையே எப்போதாவது குழந்தையின் தங்கத் தாயத்து ஒன்று வரும். வந்தால் எங்கள் மதிப்பீட்டாளரான ஆசாரியின் முகம் சுருங்கும். தாயத்து ஒரு மூடிய குழல். உள்ளே செப்புத் தகடோ, காகிதமோ, சாம்பலோ, எதுவோ. இரண்டு முனையிலும் அரக்கு. எவ்வளவு தங்கம், எவ்வளவு தங்கமில்லாதது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

ஒரு ஆடி மாதம், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். குழந்தையின் அரணாக்கயிற்றிலிருந்து தாயத்தை அவிழ்ப்பதற்கு முன், மடியிலிருந்து ஒரு கறுப்புக் கயிற்றை எடுத்து அதன் இடுப்பில் கட்டிவிட்டுத்தான் அவிழ்த்தாள். ஒரு நிமிஷம்கூடக் குழந்தை வெறும் இடுப்போடு இருக்கக்கூடாது. ஆசாரி தராசில் வைத்துவிட்டு, "அம்மிணி, இதுக்குள்ள தகடும் அரக்கும் இருக்குது. ஒடச்சுப் பாத்தாத்தான் தங்கம் எவ்வளவுன்னு தெரியும். மறுக்கா நானே அடைச்சுக் குடுத்தர்றேன்" என்றார்.

"ஒடைக்க வேண்டாமுங்க. எவ்வளவு வேணும்னாலும் கழிச்சுக்குங்க."

ஆசாரி தாராளமாகவே கழித்தார். வரவேண்டியதில் பாதிக்குச் சற்று மேல்தான் அவளுக்குக் கிடைத்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் கேட்டாள்: "ஏனுங்க சார், வெக்கற பொட்டி இரும்புங்களா?" ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு "செரிங்க" என்று போய்விட்டாள்.

அந்தப் பெண் பணத்தை விட்டுக்கொடுத்து எதை வாங்கினாள் என்பதுதான் என் பிரச்னை. மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். எங்கள் ஜில்லாவுக்குப் பக்கத்து ஈரோட்டில் பிறந்தவர் அதைத்தான் செய்யச் சொன்னார், அதற்கு அவரிடம் நியாயமான காரணங்களும் இருந்தன. அல்லது முன்னோர் விஞ்ஞானம் என்று கும்பிட்டுவிடலாம். இன்றைக்கு அதற்குத்தான் கிராக்கி. இரண்டிலும் தாயத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

இரண்டாவது கட்சியை முதலில் தீர்த்துவிடுகிறேன். சில வருஷங்களாக ஒரு செய்தி கைப்பேசிக்குக் கைப்பேசி பரவுகிறது. பிள்ளையின் தொப்புள்கொடியைக் காயவைத்துத் தாயத்தில் அடைத்துக் கட்டியது நம் முன்னோர் ஸ்டெம் செல்லை அறிந்திருந்ததால்தானாம். தாயத்து என்ற சொல்லே தாயிலிருந்து அற்றுவந்தது என்று பொருள்படுமாம். குருத்தணுவை உயிரோடு காக்க, பிறந்தவுடன் கொடியின் ரத்தத்தை எடுத்து, திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்குக் கீழே 190 டிகிரிக்கும் அப்பால் உறையவைக்க வேண்டும். வெயிலில் காய்ந்து சுக்கான கொடியில் உயிருள்ள அணு ஒன்றுகூட மிஞ்சாது. சொல்லும் தாயிலிருந்து வந்ததல்ல. அரபியில் தஅவீத், உருதுவில் தாவீஸ், கன்னடத்தில் தாயித, தெலுங்கில் தாயெத்து. அடைக்கலம் தேடுதல் என்பது அரபி வேரின் பொருள். குர்ஆனின் கடைசி இரண்டு அத்தியாயங்களுக்கு அடைக்கலம் தேடுவன என்று பெயர் வந்ததும் இந்த வேரிலிருந்துதான். தாயத்துக்குள் அவற்றையும் எழுதி அடைப்பதுண்டு.

ஆக, தமிழ்த் தாயின் பெயர் என்று நாம் மார்தட்டும் சொல், பள்ளிவாசல் வழியாக நம் இடுப்புக்கு வந்தது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கொங்குக் கிராமங்களில் பயந்து அழும் குழந்தையை அந்தி மயங்கிய பின் பள்ளிவாசல் வாசலுக்குத் தூக்கிப்போய் ஓதி ஊதிக்கொண்டு வருகிற கவுண்டச்சி எந்தக் காலத்திலும் சொல்லின் வேரைக் கேட்டதில்லை. கருமத்தம்பட்டி மாதா கோயிலில் வாங்கிய சுரூபமும், மாரியம்மன் கோயில் மஞ்சள் கயிறும், சாயபு கொடுத்த தாயத்தும் ஒரே அரணாக்கயிற்றில் தொங்கியதை நானே பார்த்திருக்கிறேன். மதங்களின் சமரசம் என்று இதைப் புகழ்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. சமரசம் அல்ல, பயம். மூன்று கம்பெனியில் இன்ஷ்யூரன்ஸ் எடுப்பது போல.

சொல் புதிது, பொருள் பழையது. சங்கக் கவிதைகளில் குழந்தைகளின் கழுத்தில் புலிப்பல் தாலி கிடக்கிறது. குறுந்தொகை 161இல் நக்கீரர் காட்டும் மழை இரவில், அப்படிப்பட்ட மகனை அணைத்துப் படுத்திருக்கிறாள் ஒரு தாய். ஆய் அண்டிரனைப் பாடும் புறநானூறு 374இல் வேட்டுவச் சிறுவர்கள் அதை அணிந்திருக்கிறார்கள். அகநானூற்றின் ஏழாம் பாட்டில் வளர்ந்துவிட்ட மகளின் கழுத்தில் கிடக்கிறது. இதற்குப் பக்கத்திலேயே ஐம்படைத் தாலி: சங்கு, சக்கரம், கதை, வாள், வில் என்ற திருமாலின் ஐந்து ஆயுதங்களைச் சிறிதாகச் செய்து கோத்தது. ஒன்று காட்டின் தாலி, மற்றது வீட்டின், கோயிலின் தாலி என்று பிரிக்கத் தோன்றும். ஆனால் தர்க்கம் ஒன்றுதான். உன்னைக் கொல்லக்கூடியது எதுவோ அதன் கூர்மையை எடுத்து உன் கழுத்தில் மாட்டிக்கொள். புலியின் பல், கடவுளின் வாள்.

தாலி என்ற சொல் கல்யாணத்துக்குப் போவதற்கு முன் குழந்தையிடம் இருந்தது என்பதை நம் பண்டிதர்கள் போதிய அளவு யோசித்ததில்லை. பழந்தமிழர் மணத்தில் தாலி உண்டா இல்லையா என்று 1950களில் பெரிய சண்டையே நடந்தது. அகநானூறு 86இல் பிள்ளை பெற்ற நான்கு பெண்கள் மணமகளை நீராட்டுகிறார்கள். 136இல் வாகை இலையும் அறுகும் சேர்த்த வெள்ளை நூலைச் சூட்டுகிறார்கள். அந்த நூல் காப்பு. மணப்பெண்ணுக்கும் கைக்குழந்தைக்கும் பொதுவானது என்ன? இரண்டு பேரும் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டிருப்பவர்கள், வாசற்படியில் நிற்பவர்கள். கட்டு அங்கேதான் விழுகிறது. குழந்தை வளர்ந்ததும் தாலி கழன்றுவிடும். பெண்ணுக்கு மட்டும் அது கழலாத ஒன்றாக மாறியதை ஒரு சமூகத்தின் பயம் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்குப் படுகிறது.

கழலும் தாலி என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது புறநானூறு 77. இடைக்குன்றூர் கிழார் பாடியது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் போருக்குப் புறப்படும் காட்சி. காலில் சதங்கை போய்க் கழல் வந்துவிட்டது. கையில் வில். ஆனால் கழுத்தில் இருந்த தாலி இன்னும் களையப்படவில்லை. பாலை விட்டு இன்றுதான் சோறு உண்டிருக்கிறான். இதை வீரத்தின் புகழ் என்று பாடப் புத்தகம் சொல்கிறது. புகழ்தான். ஆனால் கிழாரின் கண் தாலியில் போய் நிற்கிறது. அதை மாட்டியவள் யாரோ ஒருத்தி, நோயும் கண்ணேறும் பேயும் அண்டாமல் இருக்க மாட்டியிருக்கிறாள். அவள் கணக்கில் இரண்டு பெருவேந்தரும் ஐந்து வேளிரும் இல்லை. பையன் அந்தத் தாலியோடு எழுவரை எதிர்க்கப் போகிறான். கவிதை அவள் பெயரைச் சொல்லவில்லை.

ரோமாபுரிச் சிறுவர்கள் புல்லா என்ற தங்கக் கூட்டைக் கழுத்தில் அணிந்தார்கள். உள்ளே காப்புப் பொருள். வயதுக்கு வந்ததும் அதைக் கழற்றி வீட்டுத் தெய்வங்களுக்குப் படைத்துவிட வேண்டும். இடைக்குன்றூர் கிழாரின் பாட்டை அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லியிருந்தால் குறிப்புரை தேவைப்பட்டிருக்காது. அந்த ரோமர்களின் வெள்ளிக் காசுகள் வெள்ளலூரில் 1842 முதல் பல தடவை குடம் குடமாகக் கிடைத்தன. நொய்யல் கரைக் கொடுமணலில் அவர்களுக்காகவும் மணி கடைந்தார்கள். அங்கே ஈமக்குழி ஒன்றில் கற்கள் பதித்த செம்புப் புலி ஒன்றும் கிடைத்தது. இந்தியாவில் அகப்பட்ட ரோமானியப் பொற்காசுகள் பலவற்றில் துளையோ வளையமோ இருக்கிறது. கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் தலை எந்தக் கண்ணேற்றை விரட்டியதோ! நாணயச் சாஸ்திரிகள் இதை ஆபரணம் என்று குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆபரணத்துக்கும் காப்புக்கும் நடுவே அவர்கள் போடும் கோடு, எங்கள் கடன் படிவத்தில் கூடக் கிடையாது.

கொங்குநாட்டுக்குக் காய்ச்சல் புதிதல்ல. திருஞானசம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூருக்கு, அதாவது திருச்செங்கோட்டுக்கு வந்தபோது உடன் வந்த அடியார்களை நளிர்சுரம் பிடித்தது என்றும், அவர் திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டுப் பதிகம் பாட அது நீங்கியது என்றும் சேக்கிழார் எழுதுகிறார். பனிக்காலத்தில் குளிரோடு வரும் சுரம், மலையடிவாரம், ஆறு: மலேரியாவாகத்தான் இருக்க வேண்டும். ஏழாம் நூற்றாண்டிலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். 1897இல் ரொனால்ட் ராஸ் இதே மலைத்தொடரின் மறுபக்கம், ஊட்டிக்குக் கீழே சீகூர் கணவாய்க்கு வந்து தானே மலேரியாவில் படுத்தார். அதே வருஷம் ஆகஸ்டில் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டார். நடுவில் சுமார் 1,200 வருஷம். அத்தனை வருஷமும் சாயங்காலம் நல்லாயிருந்த குழந்தை நடுராத்திரி வெடவெடத்துக் காலையில் செத்துப்போனதற்கு ஒருவரிடமும் காரணம் கிடையாது. வசம்பைச் சுட்டு வளையலாகக் கையில் போட்டார்கள். அதன் பெயரை ராத்திரியில் சொல்லவும் பயந்து, பேர் சொல்லாதது என்றே அழைத்தார்கள். இந்தப் பயத்தைக் கிண்டல் செய்ய 1897க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு உரிமை இருக்கலாம். எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

எங்கள் ஊர்ப்பக்கம் போகிப் பண்டிகை கிடையாது, அன்றைக்குக் காப்புக்கட்டு. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு எரவாணத்தில், கட்டுத்தரையில், கிணற்று மேட்டில், காட்டு மூலையில் சொருகுவோம். மனுஷனுக்குத் தாயத்து, வீட்டுக்குப் பூளைப்பூ. புறநானூறு 281இல் அரிசில் கிழார் காட்டும் வீட்டிலும் இதுதான் நடக்கிறது: புண்பட்டவன் கிடக்கிற வீட்டில் இரவ இலையோடு வேம்பைச் செருகுகிறார்கள், வெண்சிறுகடுகைத் தூவுகிறார்கள், புகை போடுகிறார்கள், பாடுகிறார்கள். நற்றிணை 40இல் பிள்ளை பெற்றவளின் மேல் நெய்யோடு அதே கடுகு. இன்று புளியம்பட்டி வியாழக்கிழமைச் சந்தைக்கு மாடு ஓட்டிப்போகிறவன் மாட்டின் கழுத்தில் கட்டும் கறுப்புக் கயிற்றை இந்த வரிசையில் கடைசியாக வைக்கலாம். மாட்டுக்குத்தான் முதலில் கட்டுவார்கள், பிள்ளைக்குப் பிறகு.

மாரியம்மன் நோம்பிக்குக் காப்புக் கட்டினால் ஊரைவிட்டு வெளியே தங்கக்கூடாது. இதைப் பக்தி என்கிறோம். அம்மை வந்த ஊரிலிருந்து யாரும் போகாமலிருந்தால் பக்கத்து ஊர் பிழைக்கும் என்பது இதற்குள் இருக்கலாம்; இல்லாமலும் இருக்கலாம். நான் சற்று முன் கேலி செய்த ஸ்டெம் செல் ஆசாமியாக நானே ஆகிவிடக்கூடாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் வந்தபோது கோயமுத்தூர் தனக்கென்று பிளேக் மாரியம்மன்களை உண்டாக்கிக்கொண்டது, அந்தக் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. 1975இல் இந்தியாவில் பெரியம்மை முடிந்தது, அம்மன் முடியவில்லை. 2021இல் இருகூரில் ஓர் ஆதீனத்தில் கொரோனா தேவி சிலை வைத்தார்கள்.

திறந்து பார்ப்பதன் சரித்திரத்துக்கு வருகிறேன். கொங்குநாடு 1799 வரை மைசூரின் கீழ் இருந்தது. அந்த வருஷம் மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தின் கோட்டை வாசலில் பிணக்குவியலுக்கு அடியில் திப்பு சுல்தானின் உடலைக் கண்டெடுத்தபோது வலது கையில் ஒரு தாயத்து இருந்தது. கம்பெனி அதிகாரிகள் அதை அவிழ்த்துப் பிரித்தார்கள். பூப்போட்ட பட்டுத் துணித் துண்டுகளுக்குள் வைத்துத் தைத்த, வெள்ளி நிறத்தில் நொறுங்கும் உலோகம் போன்ற ஒன்று. அரபியிலும் பாரசீகத்திலும் எழுதிய மந்திரத் தாள்கள். அதை ஒரு வெள்ளைக்காரர் புத்தகத்தில் குறித்தும் வைத்தார். புலியை எல்லாவற்றிலும் பொறித்துக்கொண்ட ராஜா, தன் கையில் கட்டியிருந்தது இவ்வளவுதான். அந்த வருஷமே எங்கள் ஊர் கும்பினியாருக்குக் கைமாறியது.

அதற்கு 100 வருஷம் கழித்து இரண்டு வெள்ளைக்காரர்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இதே வேலையைச் செய்தார்கள். எட்கர் தர்ஸ்டன் சென்னை மியூசியத்தின் சூப்பரின்டென்டென்ட். மனிதர்களின் மண்டையையும் மூக்கையும் அளந்தவர். 1909இல் ஏழு பாகங்களில் தென்னிந்திய ஜாதிகள் பற்றியும், 1912இல் தென்னிந்தியச் சகுனங்களும் மூடநம்பிக்கைகளும் பற்றியும் புத்தகம் போட்டார். தாயத்து, தகடு, கண்ணேறு எல்லாம் அதில் உண்டு. ஜான் ராஸ்கோ பாதிரியார். ஆப்பிரிக்காவில் இன்றைய உகாண்டாவில், பகாண்டா மக்களிடையே இருந்தவர். அவருடைய பகாண்டா நூல் 1911இல் வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரே மேஜையில் எழுதியவை போலிருக்கும். பகாண்டாக்களிடம் என்சிரிபா என்ற அணியும் காப்பு. மருந்து அடைத்து ஆவி குடியேற்றிய மயெம்பே என்ற கொம்புகள். நம் நரிக்குறவர் விற்கும் நரிக்கொம்பு ஞாபகத்துக்கு வரும். நரிக்கு ஏது கொம்பு என்று கேட்டு நாம் சிரிக்கிறோம். அவர்களிடம் நிஜ மானின் கொம்பு, அவ்வளவுதான் வித்தியாசம்.

என்னை நிறுத்தியது வேறொன்று. பகாண்டா ராஜகுமாரன் பிறந்தால் அவனுடைய தொப்புள்கொடியைக் காயவைத்து, மரப்பட்டைத் துணியில் சுற்றி, மணி கோத்து அழகு செய்வார்கள். அதன் பெயர் முலோங்கோ, இரட்டைப் பிள்ளை. கூடப்பிறந்து பேசாமல் போன இரட்டை அது. அவன் ராஜா ஆனால் அதைக் காக்கவென்றே ஓர் அதிகாரி, கிம்புக்வே, நியமிக்கப்படுவார். அவருக்கு அரண்மனையில் பெரிய மரியாதை. எங்கள் ஊரில் ஒரு கூலிக்காரி தன் பிள்ளையின் கொடியை வெள்ளிக் குழலில் அடைத்து இடுப்பில் கட்டுகிறாள். அவளே தாய், அவளே கிம்புக்வே. அங்கிருந்து இங்கே வந்ததா, இங்கிருந்து அங்கே போனதா என்ற கேள்வி அநாவசியம். நஞ்சும் கொடியும் எங்கும் ஒன்றுதான், பயப்படுகிற தாய்மாரும் எங்கும் உண்டு.

ராஸ்கோ பகாண்டாக்களின் போர்த் தெய்வமான கிபூகாவின் புனிதப் பொருள்களை வாங்கி கேம்பிரிட்ஜ் மியூசியத்துக்கு அனுப்பினார். திறந்து பார்த்ததில் உள்ளே ஒரு மனிதனின் தாடையெலும்பும், மணி கோத்த முலோங்கோவும் இருந்தன. தெய்வம் ஒரு காலத்தில் மனிதனாக இருந்திருக்கிறது என்று 1907இல் கட்டுரை எழுதினார். மானிடவியலுக்கு அது ஒரு கண்டுபிடிப்பு. 1962இல் உகாண்டா சுதந்திரம் பெற்றபோது கிபூகாவைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2024இல் இன்னும் 39 பொருள்கள் கேம்பிரிட்ஜிலிருந்து கம்பாலாவுக்குப் போயின; அவை கடனாகத்தான் தரப்பட்டன. யாருடைய பொருளை யார் யாருக்குக் கடன் கொடுப்பது? அடகுத் தொழிலில் இருக்கிறவனுக்கு இந்த வாக்கியம் உறுத்தும்.

இதையெல்லாம் சொல்லும்போது தாயத்துக்கு மாலை போடுகிற தொனி வந்துவிட்டால் அதைத் திருத்திக்கொள்கிறேன். காப்பு இருக்கிற இடத்தில் ஏவல் இருக்கிறது. ஏவல் இருந்தால் ஏவியவன் ஒருவன் வேண்டும். மேட்டுப்பாளையத்துக்கு மேலே நீலகிரியில் குறும்பர்களைச் சூனியக்காரர்கள் என்று மற்றவர்கள் பயந்தார்கள். அவர்களிடமே காப்பும் வாங்குவார்கள், சாவு வந்தால் அவர்களையே கொல்வார்கள். 1900இல் ஒரு குறும்பர் குடும்பமே இப்படிக் கொல்லப்பட்டதைத் தர்ஸ்டன் எழுதியிருக்கிறார். 1905இல் ஜெர்மானியரின் கிழக்கு ஆப்பிரிக்காவில் மந்திரித்த தண்ணீர் தோட்டாவைத் தண்ணீராக்கும் என்று நம்பி எழுந்த ஜனங்கள் இயந்திரத் துப்பாக்கியின் முன் போய் விழுந்தார்கள். அதன் பின் வந்த பஞ்சத்தில் இன்னும் அதிகம் பேர் செத்தார்கள். அரிசில் கிழாரின் வீட்டுப் பெண்கள் இவ்வளவு கேட்கவில்லை. புண்பட்டவன் அன்றைய ராத்திரியைத் தாண்டினால் போதும் என்று வேம்பைச் செருகினார்கள். கேட்பதன் அளவு முக்கியம் என்று நினைக்கிறேன்.

இலக்கியப் பத்திரிகையில் இதற்கென்ன வேலை என்று கேட்கும் நண்பர்களுக்காக: நம் கவிதைக்கும் அரணாக்கயிறு இருந்தது. எந்த நூலுக்கும் முதலில் காப்புச் செய்யுள். பிள்ளைத்தமிழில் முதல் பருவமே காப்பு. திருமாலில் தொடங்கி ஒவ்வொரு தெய்வமாகக் கூப்பிட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் செங்கீரை ஆடவிடுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசம் உச்சி முதல் உள்ளங்கால் வரை உறுப்புக்கு ஒரு வேல் கேட்கிறது. எங்களுக்கு அடுத்த ஜில்லாவின் சென்னிமலையில்தான் அது அரங்கேறியது என்பது அங்குள்ள வழக்கு. தாயத்தில் எழுத்தை உள்ளே வைத்து மூடுகிறார்கள். கவசத்தில் எழுத்தே கூடு, உடம்பு உள்ளே.

1959 ஜனவரியில் செல்லப்பா எழுத்து பத்திரிகையைத் தொடங்கினார்; 1962இல் புதுக்குரல்கள் தொகுதி வந்தது. காப்புச் செய்யுள் இல்லாமல் கவிதை வெளியே நடக்கப் பழகிவிட்டது. இதை விடுதலை என்று நாம் கொண்டாடினோம், சரிதான். ஆனால் காப்பைக் கழற்றியவன் புறம் 77இன் பையனைப் போல எதையாவது எதிர்த்து நிற்கப் போயிருக்க வேண்டும். நம்மில் பலர் கழற்றிவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டோம். போதாததற்கு மூத்த கவிஞர் ஒருவரின் முன்னுரையை வாங்கிக் கட்டிக்கொள்கிறோம். அதையும் அரக்கு வைத்து அடைத்தால் தேவலை, படிக்க வேண்டியிராது.

சட்டத்துக்கும் தாயத்தைத் தெரியும். 1954ஆம் வருஷத்து மருந்துகள், மந்திர சிகிச்சைகள் விளம்பரச் சட்டத்தில் மந்திரம், தாயத்து, கவசம் எல்லாம் வரையறைக்குள் வருகின்றன. விளம்பரம் செய்யத்தான் தடை, கட்டிக்கொள்ள அல்ல. 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் புலிப்பல்லையும் புலிநகத்தையும் குற்றமாக்கியது. இப்போது எருமைக் கொம்பைச் சீவிப் புலிநகம் என்று தங்கத்தில் கட்டித் தருகிறார்கள். ஒருமுறை அப்படிப்பட்ட பதக்கம் ஒன்று எங்கள் கவுண்ட்டருக்கு வந்தது. நிஜமா பொய்யா என்று ஆசாரி கேட்டதும், கொண்டுவந்தவர் அவசரமாக "பொய்தானுங்க, பொய்தானுங்க" என்றார். தன் காப்பு பொய் என்று சத்தியம் செய்ய வேண்டிய நிலை. இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் சத்தியமங்கலம் காடு. 2013இல் அதைப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். காப்பு என்ற சொல் இப்போது புலிக்கு.

போன வருஷம் என் மகள் ஏழரை மாதத்தில் பிறந்தாள். கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். கயிறு, பொட்டு, மை எதற்கும் அனுமதியில்லை. நான் அதில் ஒரு திருப்தியோடுதான் இருந்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். அம்மாவிடம் வாதாட வேண்டிய வேலை மிச்சம். மூன்றாம் நாள் அம்மாவைக் கண்ணாடி வழியாகப் பார்க்க விட்டார்கள். குழந்தையின் கணுக்காலில் ஒரு பிளாஸ்டிக் பட்டை, அதில் என் மனைவியின் பெயரும் ஓர் எண்ணும் அச்சடித்திருந்தது. அம்மா வெளியே வந்து, "காப்புக் கட்டீட்டாங்க கண்ணு" என்றாள். அது காப்பில்லை, குழந்தை மாறிப்போகாமலிருக்க அடையாளம் என்று விளக்கினேன். "அதைத்தான் நானும் சொல்றேன்" என்றாள்.

அன்று ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ராஸும் தெரியும், ராஸ்கோவும் தெரியும், ஸ்டெம் செல்லும் தெரியும். ஒன்றும் உதவவில்லை. யாராவது வந்து என்ன வேண்டுமென்று கேட்டிருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் கழித்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன்.

பதினோராம் நாள் கொடி விழுந்தது. அம்மா சொல்லி வைத்திருந்தபடி ஒரு நர்ஸம்மா அதைப் பஞ்சுத் துணியில் மடித்துக் கொடுத்தார்கள். குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு அம்மா அதை என்னிடம் தந்து, ஆசாரியிடம் கொடுத்து வெள்ளியில் செய்துகொண்டு வரச் சொன்னாள். நான் மறுக்கவில்லை. ஏன் மறுக்கவில்லை என்று என் நண்பர்கள் கேட்டார்கள். அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரையை எழுத ஆரம்பித்தேன், பதில் அகப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆசாரி சின்னக் குழலாகச் செய்திருந்தார். மடித்த துணியை உள்ளே தள்ளிவிட்டு, அரக்கை விளக்கில் காட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். "ஒருக்காப் பாத்துக்கறீங்களா, அடைச்சுப் போடட்டுங்களா?"

அடைத்துவிடச் சொன்னேன். அடைத்தார். தராசில் வைத்தார், பழக்கம். எடையைச் சொல்லப் போனவர் சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்.

முதலில் சொன்ன பெண் தை பிறப்பதற்குள் வந்து பணத்தைக் கட்டித் தாயத்தை மீட்டுக்கொண்டு போனாள். கவரைக் கிழித்து எடுத்ததும் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். பிறகு கவுண்ட்டரிலேயே குழந்தையை நிறுத்தி, கறுப்புக் கயிற்றுக்குப் பக்கத்தில் தாயத்தைக் கட்டினாள். கறுப்புக் கயிற்றை அவிழ்க்கவில்லை.